ஹனோவர் ராமென் கடையை வெளியில் நின்று பார்க்கப் போன கதை

காலை 8.20. ஹம் ரயில் நிலையம்.

ரயில் வருவதற்கு நான்கு நிமிடம் இருந்தது. அதற்குள் பரமேசு ஒப்பந்தத்தைச் சொல்லி முடித்துவிட்டாள்.

“வெளியிலை நிண்டு பாக்கிறது மட்டும். உள்ளுக்குப் போற கதை இல்லை. அவளுக்குப் போன் அடிச்சுச் சொல்லுற வேலையும் இல்லை. விளங்கிச்சோ, ஜெயா?”

“விளங்கிச்சு.”

“சத்தியம் பண்ணு.”

“ரயில் வருகுது, ஏறடி.”

சத்தியம் பண்ணாமலே ஏறினேன். அவளும் அதைக் கவனித்தாள். கவனித்தும் ஏறினாள். முப்பத்துநாலு வருடச் சிநேகிதம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

நாங்கள் பார்க்கப் போனது ஒரு கடையை. ஜெர்மனியில், ஹனோவர் நகரத்தில் லிண்டன் என்றொரு பகுதி உண்டு. அங்கே லிம்மர் தெருவில் இருக்கும் ராமென் கடை அது. ராமென் என்பது ஜப்பான்காரரின் நூடில்ஸ் சூப்பு. இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கிண்ணத்தில், முகத்தில் ஆவி அடிக்க அடிக்கச் சாப்பிடுவது. ஆனால் இந்தக் கடையின் முதலாளி ஜப்பான்காரர் இல்லை. பரமேசுவின் ஒரே மகள் தர்சினி. கடை திறந்து இரண்டு வருடமாகிவிட்டது, பெற்ற தாய் இன்னும் வாசற்படி மிதிக்கவில்லை.

காரணம் இதுதான். பரமேசு ஹம்மில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்தேழு வருடம் கோப்பை கழுவினாள். நாளுக்குப் பத்து மணித்தியாலம், திருவிழாக் காலத்தில் பன்னிரண்டு. மகள் படிக்கவேண்டும் என்ற ஒரே எண்ணம். மகளும் ஏமாற்றவில்லை. ஹனோவரில் இயந்திரப் பொறியியல் படித்தாள், நான்கு வருடம் நல்ல இடத்தில் வேலை செய்தாள். பிறகு ஒரு நாள் வேலையை விட்டு, டூசல்டோர்ஃப் நகரத்தில் ஒரு ஜப்பான்காரரிடம் இரண்டு வருடம் நூடில்ஸ் அவிக்கப் பழகி, இந்தக் கடையைத் திறந்தாள்.

அன்றைக்குத் தொலைபேசியில் தாய் மகளைக் கேட்டது பக்கத்து வீட்டிலிருந்த எனக்கும் கேட்டது. “நான் இருவத்தேழு வருசம் கோப்பை கழுவினது, நீயும் போய்க் குசினிக்கை நிக்கவோ?”

இந்த வசந்தத்தில் பரமேசுவுக்கு ஓய்வூதியம் வந்தது. கை சும்மா இருந்தால் மனம் சும்மா இருக்காது போலும். இரண்டு வாரத்துக்கு முன் என் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்: “ஒருக்கா வெளியிலை நிண்டு பாத்தால் என்ன?” அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

போக விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வேக ரயிலில் ஹம்மிலிருந்து ஹனோவர் ஒன்றரை மணித்தியாலத்துக்குள். எங்களிடம் இருந்தது மாதம் ஐம்பத்தெட்டு யூரோ கட்டும் ஜெர்மனி டிக்கெட். அதில் நின்று நின்று போகும் ரயில்களில்தான் போகலாம். ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீற்றர், மின்டனில் ஒரு மாற்றம், இரண்டரை மணித்தியாலம். ஆனால் நகரத்துக்குள் ட்ராமும் அதே டிக்கெட்டில் அடங்கும்.

எங்களுக்கு எதிரே பச்சைத் தொப்பி போட்ட ஒரு ஜெர்மன் முதியவர். பையில்லை, குடையில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இராது. நான் ரயிலில் ஏறினால் ரயிலுக்கே காது வலிக்கும் என்பான் என் மகன்.

“மின்டனுக்கு” என்றார். “ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வியாழக்கிழமைகளில் என் மனைவி வீடு துப்புரவாக்குவாள். நான் வீட்டில் இருந்தால் என்னையும் சேர்த்துத் துடைத்துவிடுவாள்.”

பரமேசு சிரித்தாள். அன்றைக்கு அவளுடைய முதல் சிரிப்பு. பீலஃபெல்ட் தாண்டியதும் ரொட்டியும் இடித்த சம்பலும் வெளியே வந்தன. முதியவருக்கும் ஒரு ரொட்டியைச் சுருட்டிக் கொடுத்தாள். அவர் ஒரு கடி கடித்தார், கண் கலங்கினார், இருமினார், மிச்சத்தையும் சாப்பிட்டார். “இது காலைச் சாப்பாடா, தண்டனையா?” என்று கேட்டார். “ரெண்டும்” என்றாள் பரமேசு ஜெர்மன் மொழியில்.

மின்டனுக்குச் சற்று முன்னால் வேசர் ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவே புகுந்து போகிறது. இந்தப் பாதையில் அழகான இடம் அதுதான். இடப்பக்கத்து மலைமேல் ஒரு பெரிய கல் மண்டபம். அதற்குள் பழைய சக்கரவர்த்தி ஒருவர் கையை நீட்டி நிற்கிறார்.

“ரயிலை மறிக்கிறார்” என்றாள் பரமேசு. “அந்தக் காலத்திலை இருந்து மறிக்கிறார். ஒருத்தரும் நிப்பாட்டேல்லை.”

நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். மின்டனில் ரயில் மாறிய பிறகு பேச்சு குறைந்தது. ஹனோவர் நெருங்க நெருங்கக் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து பூட்டினாள்.

காலை 10.50. ஹனோவர்.

நிலையத்தின் வாசலில் குதிரைமேல் ஓர் அரசர் சிலை இருக்கிறது. இந்த ஊர்க்காரர் யாரையாவது சந்திப்பதென்றால் ‘வாலுக்குக் கீழே நில்லுங்கள்’ என்பார்களாம், அரசரை விட்டுவிட்டுக் குதிரையின் வாலை. எனக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்தது. பெரிய மனிதர்களுக்கு நாங்கள் எவ்வளவு உயரத்தில் சிலை வைத்தாலும், நிழலுக்கு ஒதுங்குகிறவன் தனக்கு வசதியான பக்கத்தைத்தான் பார்ப்பான்.

பத்தாம் இலக்க ட்ராம் எடுத்தோம். பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆற்றைக் கடந்ததும் மூன்று பெரிய சதுரக் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். மின்நிலையத்துக்குச் சொந்தமானவை. அதுதான் லிண்டனுக்கு அடையாளம். அதை அடுத்து வரும் தரிப்பிடத்தின் பெயரை ஒலிபெருக்கி சொன்னது: ‘கூஹென்கார்ட்டன்’. குசினித் தோட்டம் என்று பொருள்.

“பாத்தியோ” என்றாள் பரமேசு. “பஸ் நிக்கிற இடத்துக்கே குசினி எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். இஞ்சை வந்து படிச்ச பிள்ளை வேறை எங்கை போவாள்?”

“இது பஸ் இல்லையடி, ட்ராம்.”

“உனக்கு எப்பவும் அதுதான் முக்கியம்.”

லிம்மர் தெருவில் கார் இல்லை. ட்ராம் வரும், சைக்கிள் வரும், மற்றதெல்லாம் மனிதர்கள். துருக்கிப் பேக்கரி, பழைய புத்தகக் கடை, தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிய பெண்கள், குழந்தை வண்டி தள்ளும் தாடிக்கார அப்பாக்கள். வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கே சிலர் கடைப் படிகளில் போத்தலோடு உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தெருவில் சும்மா சுற்றித் திரிவதற்கே தெருவின் பெயரால் ஒரு வினைச்சொல் உண்டு. ‘லிம்மர்ன்’ என்பார்கள். வேலையில்லாமல் திரிவதற்கு இவ்வளவு மரியாதையான சொல்லை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கடை, கண்ணாடிக் கடைக்கும் சிகரெட் விற்கும் சின்னக் கடைக்கும் நடுவே ஒடுக்கமாக இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எதிர்ப்பக்கம் ஒரு மர வாங்கு இருந்தது. ஒப்பந்தப்படி அதில் உட்கார்ந்தோம்.

வெளியில் நின்று ராமென் கடையைப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்குத்தான். ஒரு நீண்ட மேசை, அதன் தலைப்பில் பணம் வாங்கும் இடம். வருகிறவர்கள் அங்கே சொல்லிக் காசைக் கட்டி, பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். ஐந்தாறு நிமிடத்தில் பின்னாலிருக்கும் குசினி ஜன்னலில் கிண்ணம் வந்து நிற்கிறது. பெயரைக் கூப்பிடுகிறார்கள். நீங்களே போய் எடுத்து, நீங்களே சாப்பிட்டு, நீங்களே கிண்ணத்தைக் கொண்டுபோய்த் தட்டுவண்டியில் வைக்கவேண்டும். பரிமாறுகிறவர் என்று ஒருவரும் இல்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு நேர் எதிர்.

பரமேசு அதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் கிண்ணங்களைப் பார்த்தாள்.

“கிணறு மாதிரி ஆழம். அடியிலை கொழுப்புப் பிடிக்கும். மெசினுக்கை போட்டாலும் போகாது. கையாலைதான் தேய்க்கோணும்.”

“அங்கை பார், தர்சினி.”

ஆவிக்குள் கறுப்புத் துணி கட்டிய ஒரு தலை தெரிந்தது. நூடில்ஸ் கூடையைத் தூக்கி இரண்டு முறை உதறித் தண்ணீரை வடித்துக் கிண்ணத்தில் சரித்தாள். அந்த உதறல் சுருக்கென்று இருந்தது. பரமேசு வாங்கின் விளிம்புக்கு நகர்ந்து பார்த்தாள். பிறகு, “மெலிஞ்சு போனாள்” என்றாள்.

“கண்ணாடிக்கு அங்காலை நிண்டால் நானும் மெலிவுதான்.”

“நீ கண்ணாடிக்கு அங்காலை கொள்ளமாட்டாய்.”

பகல் 12.30.

ஒப்பந்தங்கள் எழுதும்போது மனிதர் வயதைக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் இருவருக்கும் அறுபத்தாறு. ரயிலில் இரண்டு கோப்பி, ஒரு போத்தல் தண்ணீர், குளிர் காற்றில் ஒரு மணித்தியாலம்.

“பரமேசு, எனக்கு அவசரம்.”

“பேக்கரிக்குப் போ.”

“பேக்கரியிலை இல்லை எண்டு எழுதியிருக்கு.”

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். சத்தியமாக நான் திட்டமிடவில்லை. தெருவைக் கடந்து கடை வாசலுக்குப் போனோம். வாசலில் சோக்கட்டியால் எழுதிய கறுப்புப் பலகை. அதில் ஐந்து கிண்ணங்களின் பெயர்கள். முதல் நான்கும் ஜப்பான் பெயர்கள், பதினான்கு யூரோ, பதினான்கரை. ஐந்தாவது: ‘சிம்மர் 14. தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சை மிளகாய், தேசிக்காய். 13.50’.

சிம்மர் என்றால் அறை. பதினாலாம் அறை.

பரமேசு பலகையின் முன்னால் நின்றுவிட்டாள். நானும் ஒரு கணம் அவசரத்தை மறந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதி விண்ணப்பம் போட்டவர்களை ஹம்முக்குப் பக்கத்தில் ஒரு பழைய படைமுகாமில் வைத்திருந்தார்கள். ஹைம் என்போம். பதினாலாம் அறையில் பரமேசுவும் புருசனும் கைக்குழந்தை தர்சினியும். பதினைந்தாம் அறையில் நாங்கள். அந்த அறையில்தான் தர்சினி நடக்கப் பழகினாள், பள்ளிக்கூடம் போகும் வயது வரை வளர்ந்தாள்.

“உள்ளுக்குப் போய்க் கழிப்பறைக்குப் போறது நீ. நான் வாசலிலை நிக்கிறன்” என்றாள். ஆனால் கதவில் எழுதியிருந்தது: கழிப்பறை சாப்பிட வருகிறவர்களுக்கு மட்டும்.

“அப்ப ரெண்டு கிண்ணம் சொல்லு” என்று அவளை உள்ளே தள்ளி வரிசையில் நிறுத்திவிட்டு ஓடினேன்.

நான் திரும்பி வந்தபோது வரிசை கதவு வரைக்கும் நீண்டிருந்தது. காரணம் பரமேசு. பணம் வாங்கும் இடத்தில் யோனாஸ் என்று மார்பில் பெயர் குத்திய, மூக்கில் வளையம் போட்ட முப்பது வயதுக்காரர். அவர் எல்லோரையும் கேட்பதுபோல் ‘பெயர்?’ என்று கேட்டிருக்கிறார். மற்றவர்கள் ‘அன்னா’, ‘டிம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பரமேசுவுக்கு முப்பத்துநாலு வருடமாகப் பெயர் கேட்டவர்கள் எல்லோரும் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிகள். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் கோப்பு தொலைந்தது, மூன்று மாதம் போனது. ஆகவே எழுத்தெழுத்தாக, ஜெர்மன்காரர் தொலைபேசியில் சொல்லும் முறையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாவுலா பெயரில் வரும் பி. அன்டன் பெயரில் வரும் ஏ. ரிச்சார்ட் பெயரில் வரும் ஆர்...”

நான் பக்கத்தில் போனபோது ‘வில்ஹெல்ம்’ வரைக்கும் வந்திருந்தாள். பிறகு குடும்பப் பெயரையும் தொடங்கினாள். பிறந்த திகதியும் சொல்லட்டுமா என்று கேட்டாள். யோனாஸ் பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் தட்டினார். இயந்திரத்திலிருந்து ஒரு முழம் சீட்டு வந்தது. பின்னால் நின்ற பெண் சிரித்தாள், கோபமில்லாமல்.

இரண்டு ‘சிம்மர் 14’. இருபத்தேழு யூரோ. பரமேசு கொடுத்தாள், என்னை விடவில்லை.

ஒதுங்கி நின்றோம். குசினி ஜன்னலில் தர்சினிதான் பெயர்களைக் கூப்பிட்டாள். “ஃபின்!” ஒருவர் போய் எடுத்தார். “மெர்வே!” “கார்லா!” ஒவ்வொரு பெயரும் சுருக்கமாக, உரத்து. தாய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். மகளின் கண்ணில் நாங்கள் படவில்லை.

அடுத்த இரண்டு கிண்ணங்களும் ஜன்னலுக்கு வந்தன. தர்சினி சீட்டைக் கையில் எடுத்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

எங்கள் பிள்ளைகள் பெற்றவரின் பெயரை வாயால் கூப்பிடுவதில்லை. பாரத்தில் எழுதுவார்கள், ஆசிரியர் கேட்டால் மெதுவாகச் சொல்வார்கள். கூப்பிட வராது. ஜெர்மனியில் பிறந்து ஜெர்மன் மொழியில் கனவு காணும் பிள்ளைக்கும் வராது. அந்தச் சீட்டில் இருந்ததோ முழுப்பெயர், குடும்பப் பெயரோடு. வேறு ஒருத்தியாக இருக்க வழியில்லை.

பெயர் வாசிக்கக் கஷ்டம்போலும் என்று நினைத்து யோனாஸ் உதவிக்கு வந்தார். “பரமேஸ்... பரமேஸ்வா...”

“வேண்டாம்” என்று ஜெர்மன் மொழியில் அவர் கையைப் பிடித்தாள் தர்சினி. “அதைக் கூப்பிடக்கூடாது.”

பிறகு கடை முழுவதையும் ஒரு முறை பார்த்தாள், கண்ணால் தேடி. கூப்பிட்டாள்:

“அம்மா!”

நிறைந்த கடை. அரைவாசிப் பேர் திரும்பினார்கள். கார்லா என்ற பெண் நூடில்ஸை வாயில் வைத்தபடி திரும்பினாள். பரமேசு அசையவில்லை. முழங்கையால் ஓர் இடி கொடுத்தேன். போனாள். ஜன்னலின் இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள், நடுவே இரண்டு கிண்ணம் ஆவி பறக்க. இரண்டு வருடத்துக்குச் சேர்த்து ஏதாவது பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“நீ சாப்பிட்டியோ?”

“இன்னும் இல்லை அம்மா.”

“ஒரு மணியாகப் போகுது.”

“நாலுக்குத்தான் நேரம் வரும். ஆறமுதல் சாப்பிடுங்கோ. பின்னுக்கு ஆக்கள் நிக்கினம்.” கண்ணைத் தோளில் துடைத்தாள். “அன்ரி, நீங்களும் வந்தனீங்களோ? உங்கடை வேலைதானோ இது?”

“என்ரை சலப்பை செய்த வேலை” என்றேன்.

ஜன்னலோரம் உயரமான கதிரையில் ஏறி உட்கார்ந்தோம். மஞ்சள் நிறப் பாலில் நூடில்ஸ், மேலே பொரித்த சின்ன வெங்காயம், பாதி வெட்டிய முட்டை, கறிவேப்பிலை. தேசிக்காய்த் துண்டு தனியாக ஒரு சின்னத் தட்டில். பரமேசு கரண்டியால் சாற்றை அள்ளிக் குடித்தாள்.

“சொதி” என்றாள்.

சொதிதான். வீட்டில் இடியப்பத்துக்கு விடுவோமே, அதேதான். ஹைமில் இடியப்ப உரல் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் தரும் உணவுப் பொதியில் நூடில்ஸ் பாக்கெட் இருக்கும். அதில் உள்ள தூளை எறிந்துவிட்டு, நூடில்ஸை அவித்துச் சொதி விட்டுச் சாப்பிட்டோம். மாடிக்கு ஒரு குசினி. ஆறு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, நான்கு தட்டில் ஒன்று செத்தது. தேங்காய்ப்பால் ஏது? மாட்டுப் பாலில்தான் சொதி. ஒரு நாள் பரமேசு ஊர் ஞாபகத்தில் கொதிக்கிற பாலுக்குள் தேசிப்புளியைப் பிழிந்துவிட்டாள். பால் திரைந்து தயிர்க்கட்டியாகப் போனது. ஆறு குடும்பத்தின் இரவுச் சாப்பாடு. அவள் அழத் தொடங்க, அவளுடைய புருசன் அதில் ஒரு கரண்டி அள்ளித் தின்று, “ஜெர்மன் சீஸ் நல்லாய் இருக்கு” என்றார். பத்து நிமிடம் சிரித்தோம். பிறகு எல்லோரும் அதைத் தின்றோம். அந்த மனிதர் போய் ஆறு வருடமாகிறது. பால் திரைந்த அன்று தொடக்கம் அந்தக் குசினியில் ஒரு சட்டம்: புளி கடைசியில், அடுப்புக்கு வெளியே, அவரவர் கோப்பையில்.

பரமேசு தேசிக்காய்த் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பிழியாமல் இருந்தாள். “அவளுக்கு அப்ப நாலு வயசுகூட இல்லை” என்றாள்.

நான் பேசவில்லை. எனக்கே இது அதிசயம்.

கிண்ணம் காலியானது. கொண்டுபோய் வைக்கவேண்டுமே. பின்னாலே தட்டுவண்டி, அதற்கு மேல் ஒரு திறந்த ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே கழுவும் தொட்டி. தொட்டியில் நாற்பது வயதுள்ள ஒரு பெண் நின்றாள். உக்ரேன்காரி, ஒக்சானா என்று பெயர். பரமேசுவின் முகம் மாறியது. அவள் இந்தக் கடைக்கு வராததற்குக் காரணம் கடையல்ல, இந்தத் தொட்டி. எங்கேயோ ஒருத்தி நின்று தேய்த்துக்கொண்டிருப்பாள், அந்த ஒருத்தி நாளைக்குத் தன் மகளாக இருப்பாள் என்ற பயம்தான்.

“எத்தனை மணித்தியாலம் நிற்கிறாய்?” என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் ஜெர்மன் மொழி இரவல்தான். அதனால் நன்றாக விளங்கியது.

“இரண்டு” என்றாள் ஒக்சானா.

“இன்றைக்கா?”

“எப்போதும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரும் தொட்டியில் நிற்கக்கூடாது. அங்கே எழுதியிருக்கிறது.”

சுவரில் ஒரு தாள். அன்றைய நாளுக்கான வரிசை: ஒக்சானா பன்னிரண்டிலிருந்து இரண்டு. தர்சினி இரண்டிலிருந்து நாலு. யோனாஸ் நாலிலிருந்து ஆறு. முதலாளியின் பெயர் மற்றவர்களின் பெயர் அளவிலேயே எழுதியிருந்தது.

“முந்தி வேலை செய்த இடத்தில் நாள் முழுக்க நின்றேன்” என்றாள் ஒக்சானா. “இங்கே மறந்து பத்து நிமிடம் கூட நின்றாலும் முதலாளி சண்டைக்கு வருவா. இந்தத் தாளை ஒட்டின அன்றைக்கு எங்களிடம் சொன்னா, ‘இது என் அம்மாவின் முதுகு. இதை யாரும் மாற்றக்கூடாது’ என்று.” சொல்லிவிட்டுப் பரமேசுவைப் பார்த்தாள். “அப்படியென்றால்... சற்று முன் கூப்பிட்டது உங்களைத்தானே?”

பரமேசு தாளில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தாள். வாசித்து முடித்ததையே மறுபடி வாசித்தாள்.

பகல் 2.00.

ஒக்சானா கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்குப் போய் நூடில்ஸ் கூடைகளை எடுத்தாள். தர்சினி றப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். கைகளில் சின்னச் சின்னச் சூட்டுக் காயங்கள். குழாயைத் திறந்தாள். நான் பரமேசுவைப் பார்க்கப் பயந்தேன். இதைக் காணக்கூடாதென்றுதானே இரண்டு வருடம்.

பரமேசு கோட்டைக் கழற்றி என் கையில் தந்தாள். சட்டைக் கையை மடித்தாள். “தள்ளு பிள்ளை, நான் கழுவுறன்.”

“ஏலாது அம்மா. சுகாதாரப் பத்திரம் இல்லாத ஆக்கள் குசினிக்கை வரக்கூடாது.”

பரமேசு கைப்பையைத் திறந்தாள். அந்தப் பைக்குள் அகதி விண்ணப்பத்தின் பிரதியிலிருந்து புருசனின் இறப்புப் பத்திரம் வரைக்கும் எல்லாம் எப்போதும் இருக்கும். எந்த மேசையில் எதைக் கேட்பார்களோ என்று எங்களில் பலர் இன்னும் இப்படித்தான் திரிகிறோம். உறையிலிருந்து ஒரு பழைய சிவப்பு அட்டையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“இந்தா. முத்திரையோடை இருக்கு.”

தர்சினிக்குச் சிரிப்பு வந்தது. அட்டையைத் தொடாமல் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“இருந்தாலும் ஏலாது. என்ரை கடையிலை ஆரும் கழுவலாம். நான் கழுவலாம், யோனாஸ் கழுவலாம், ஜெயா அன்ரிகூடக் கழுவலாம். நீங்கள் மட்டும் கழுவக்கூடாது.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தாய் மடித்த சட்டைக் கையோடு நின்றாள்.

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“இருங்கோ.”

யோனாஸ் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார். பரமேசு உட்கார்ந்தாள். இருபத்தேழு வருடத்தில் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“ரெண்டு மணித்தியாலம்தானே” என்றாள். “இருக்கிறன்.”

எனக்கு மாலையில் பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் வேலை இருந்தது. பரமேசுவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமலே, “நீ போட்டு வா” என்றாள், தன் வீட்டு வாசலில் நின்று அனுப்புகிறவள்போல.

பிற்பகல் 3.20. மின்டன் போகும் ரயில்.

எதிர் இருக்கை காலி. ஒரு பயணத்திலிருந்து திரும்பும்போது பார்த்த இடத்தை நினைப்பேன், ஆனால் அன்றைக்கு மனம் ஹனோவரில் நிற்கவில்லை. அந்த மாடிக் குசினிக்குப் போய்விட்டது. அங்கே இருந்த காலத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை: கதவு பூட்டக்கூடிய தனிக் குசினி. கிடைத்தது. இன்றைக்கு ஹம்மில் ஆளுக்கொரு குசினி இருக்கிறது. என் அடுப்பில் நான்கு தட்டும் வேலை செய்கின்றன. என்னத்தைச் சமைத்தாலும் எட்டிப் பார்த்து, ‘உப்புப் போட்டனியோ?’ என்று கேட்க ஆளில்லை. முழங்கை இடிக்காத குசினியில் நான் இன்னும் சமைக்கப் பழகவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. லிம்மர் தெருவில் அந்த ஒடுக்கமான கடையில் ஒருவர் முழங்கை ஒருவருக்கு இடித்துக்கொண்டுதான் இருந்தது.

தொலைபேசி அடித்தது. பரமேசு.

“ஜெயா, சொதியிலை உப்புக் குறைவு எண்டு சொல்லிப்போட்டன்.”

“என்ன சொன்னவள்?”

“உப்பு மேசையிலை கிடக்காம். வேணுமெண்டால் போட்டுக்கொள்ளட்டாம். எப்பிடி வாய் பாத்தியோ?”

“நீ எப்ப வாறாய்?”

“ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. அதுக்குப் பிறகு பாப்பம்.” பின்னால் கிண்ணங்கள் மோதும் சத்தம். “இரு, இரு, என்னவோ கேக்கிறாள்.”

தொலைபேசியை எங்கேயோ வைத்தாள். நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு நடுவே இருவர் பேச்சும் வந்தது.

“குனியாதை. தொட்டிக்குக் கிட்ட வந்து நில்லு.”

“ஓம் அம்மா.”

“ஓம் எண்டு சொல்லிக்கொண்டே குனியிறாய்.”

“தொட்டி பதிவாய்க் கிடக்கு அம்மா, நான் என்ன செய்ய?”

“பொறியியல் படிச்சனிதானே. உயர்த்து.”

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எவள் தொடங்கினாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மின்டனில் ரயில் மாறும் வரைக்கும் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இருந்தேன்.